சிவப்புக்கும் வெள்ளிக்கும் நடுவே

கோதுமை வயல்களின் அனல் கொட்டகைக்குள் அடிக்கிறது. கூரையிலிருந்து இறங்கும் வார்ப்பட்டைகளில் தொங்குகிறாள் மெரடித். ஐம்பது வயது, மதியம் விமானத்திலிருந்து முதன்முறையாகக் குதிக்கப்போகிறாள். கால்கள் சிமெண்டுத் தரைக்கு ஒரு சாண் மேலே ஆடுகின்றன. "பாராசூட் சிக்கிக்கிச்சு!" என்று கத்துகிறார் பயிற்சியாளர் டார்சி. சிக்கியதைக் கழற்றிவிடும் சிவப்புப் பிடியை இழுத்து எறிகிறாள். அடுத்தது மாற்றுப் பாராசூட்டை விரிக்கும் வெள்ளிப் பிடி. அதைத் தொடுமுன் டார்சியின் முகத்தைப் பார்க்கிறாள். காலையிலிருந்து இது ஐந்தாவது முறை. "என் மூஞ்சில என்னம்மா இருக்கு?" "சரியா செஞ்சேனான்னு பாத்தேன்." "நீ பாத்து முடிக்கிறதுக்குள்ள தரை வந்துரும்." வரிசையில் காத்திருக்கும் நாங்கள் சிரிக்கவில்லை, எங்களுக்கும் அதே பழக்கம். டார்சி சிவப்புப் பிடியைத் திரும்பச் செருகுகிறார். தேநீர்க் குவளையுடன் வெளியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி வெயிலில் நிற்கிறார். "சிக்கிக்கிச்சு!" என்று அங்கிருந்தே கத்துகிறார். பொத்தென்று சிவப்பு விழுகிறது. மெரடித்தின் தலை வாசல் பக்கம் திரும்புகிறது. அங்கே முகம் இல்லை. வியர்வையில் நனைந்த ஒரு முதுகு மட்டும். காலி வானத்தைப் பார்ப்பதுபோல் அதைப் பார்க்கிறாள். கணீரென்று வெள்ளி தரையில் விழுகிறது. டார்சி திரும்பவில்லை. வாயருகே அப்படியே நின்றிருந்த குவளையிலிருந்து இப்போதுதான் ஒரு வாய் குடிக்கிறார்.