மேசை மேல் ஒரு வீடு

சின்ன மருமகள் முகம் மட்டும் உம்மென்று இருந்தது.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர். அம்மா, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். ஐந்து பேர் மூக்கிலும் என்ஜினியர் கொண்டுவந்த பெரிய கண்ணாடி. மேசை என்னவோ காலிதான். ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால், கட்டப்போகிற புது வீடு அதன் மேல் முழ உயரத்துக்கு எழுந்து நிற்கிறது!

பெரிய மருமகள் விரலால் சமையலறைச் சுவரை ஒரு விரல் அகலம் தள்ளினாள். வீடே நகர்ந்து கொடுத்தது.

"அண்ணி, என் மாடிப்படியைத் தின்னாதீங்க," என்று சின்னவன் அதைத் திருப்பித் தள்ளினான்.

"பார்த்தீங்களாம்மா? ஒருத்தர் தள்ளினா அஞ்சு பேர் கண்ணுலயும் நகரும். எல்லாரும் கூடி உட்கார்ந்து முடிவு பண்ணிடலாம். அப்புறம் அதை மாத்து, இதை மாத்துன்னு என் உயிரை எடுக்க மாட்டீங்க," என்று சிரித்தார் என்ஜினியர்.

அம்மா இரண்டு விரலைக் கால் மாதிரி வைத்து மாடிப்படி ஏறிப் பார்த்தாள்.

"அட! முட்டி வலிக்காம மாடிக்குப் போயிட்டேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். அதுவரை சின்ன மருமகளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இப்போதிருக்கும் வீடு அம்மா பெயரில் இருந்தது. பழசை இடித்துக் கட்ட, அதைப் பெரியவன் பெயருக்கு எழுதித் தரவேண்டும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அம்மா பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கீழேயே எனக்குன்னு ஒரு ரூம் வேணும்ப்பா. கதவைச் சாத்திக்கிட்டு ஆண்டவனை நினைக்க ஒரு இடம். வேற எதுவும் வேண்டாம்."

அப்பா போனதிலிருந்து அவளுக்குப் படுக்கை, கூடத்து சோபாதான். கடைசி ஆள் டிவியை அணைத்தபிறகுதான் தூக்கம்.

"இதோ பாரும்மா, உன் ரூம்." பெரியவன் வாசலை ஒட்டிய இடத்தைக் காட்டினான்.

அம்மா குனிந்து பார்த்தாள். கட்டில். ஜன்னல். பக்கத்திலேயே குளியலறை. வழுக்காமல் பிடித்துக்கொள்ள அதில் ஒரு கம்பிகூட இருந்தது. பிள்ளை எதையும் மறக்கவில்லை.

"கட்டிலை ஜன்னல் பக்கமா திருப்பிக்கலாமா? காத்து முகத்துல படும்."

"உன் ரூம், உன் இஷ்டம்மா."

அம்மா விரலால் கட்டிலைத் திருப்பினாள். திருப்பிவிட்டு, ஆசையாகத் தடவியும் பார்த்தாள்.

பெரிய மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று அம்மாவும் கூடச் சிரித்தாள்.

சின்ன மருமகள் முகம் மாறியது அப்போதுதான்.

"அத்தை, இப்ப எதைத் தடவுறீங்க?"

"என் கட்டிலைத்தான்டி. ஏன்?"

அவள் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சின்னவன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தான். அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

பொறாமை, வேறென்ன! காற்றோட்டமான ரூம் மாமியாருக்குப் போகிறதே என்று வயிறு எரிகிறது. 'கடவுளே, இந்தப் பொண்ணுக்கு நல்ல புத்தியைக் கொடு' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள் அம்மா.

"அப்ப சரிம்மா, இதுல ஒரு கையெழுத்து." பெரியவன் பத்திரத்தை நகர்த்தினான். பேனாவைத் திறந்தே கொடுத்தான்.

"அத்தை, கொஞ்சம் பொறுங்க..."

"நீ வாயை மூடுறியா?" என்று சின்னவன் பல்லைக் கடித்தான்.

"விடுங்க தம்பி. இந்த வீட்டுல யார் நல்லா இருந்தாலும் அவளுக்கு ஆகாது," என்றாள் பெரிய மருமகள்.

அம்மா பேனாவைக் காகிதத்தில் வைத்தாள்.

சின்ன மருமகள் சடாரென்று எழுந்து, மாமியார் முகத்திலிருந்து கண்ணாடியைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் காது மடல் எரிந்தது. பேனா கோணலாக ஒரு கோடு இழுத்தது.

"என்னடி இது! பெரியவங்கன்னு ஒரு மரியாதை வேண்டாம்?" அம்மா காதைத் தேய்த்துக்கொண்டே கத்தினாள். "பெத்த பொண்ணு மாதிரி வச்சிருந்தேனே உன்னை! எனக்குன்னு ஒரு ரூம் வந்தா உன் கண்ணை உறுத்துதா?"

"திட்டுங்க அத்தை. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. முதல்ல இதைப் போட்டுப் பாருங்க."

தன் கண்ணாடியைக் கழற்றி மாமியாருக்கு மாட்டிவிட்டாள்.

அதே மேசை. அதே வீடு. வாசலை ஒட்டிய இடத்தில் பளபளவென்று இரண்டு கார் நின்றன. கட்டில் இல்லை, ஜன்னல் இல்லை, சுவரே இல்லை.

அம்மா பெரியவனைப் பார்த்தாள். அவன் பத்திரத்தைப் பார்த்தான். சின்னவனைப் பார்த்தாள். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். பெரிய மருமகளுக்குத் திடீரென்று அடுப்படியில் வேலை வந்துவிட்டது.

அம்மா பேனாவை மூடி வைத்தாள்.

"என்ஜினியர் தம்பி, என் ரூம் எங்கேப்பா?"

அவர் பெரியவனைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க பெரிய பையன்தான் அப்படிப் போடச் சொன்னாரும்மா... அது உங்க கண்ணாடியில மட்டும்தான் இருக்கு."