கங்கம்மா வாசலில் நின்ற புது வண்டி

இப்படிக் கிட்ட வந்து குந்துங்க. சத்தமா சொல்ற கதை இல்ல இது. காயத்ரி காதுக்குப் போனா என்னைத்தான் திட்டுவா.

திருநின்றவூர் விமல்கிட்ட ஒரு பழைய வேன் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் பொண்டாட்டி காயத்ரியையும் பொண்ணு அமிர்தாவையும் ஏத்திக்கினு நெல்லூர்ல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போவான்.

அந்த வேன் வேற எங்கயும் மக்கர் பண்ணாது. ஆரணி தாண்டி, புதுவாயல் வர்றதுக்கு முன்னாடி, கங்கம்மா வீட்டு வாசல்லதான் ரெண்டு இருமல் இருமிட்டு நிக்கும்.

மொத வருஷம் நின்னது நெசமாவே ரிப்பேரு. உச்சி வெயில்ல கைக்குழந்தையோட ரோட்ல நின்னவங்களை கங்கம்மா உள்ள கூப்ட்டு சோறு போட்டா. அவ மவன் மோசஸ், கம்பெனி வேலை போனப்புறம் வாசல்லயே மெக்கானிக் கொட்டாய் போட்டவன், வேனைச் சரி பண்ணான்.

சாப்பாட்டுக்கு விமல் காசு நீட்டினான். கங்கம்மா மொறைச்சா.

"இன்னா நைனா, சோத்துக்குத் துட்டா? வேலை செஞ்ச கூலிய மோசஸாண்ட குடு. கூலி வேற, சோறு வேற."

அதுலேர்ந்து வருஷா வருஷம் அங்கயேதான் நிக்கும். மோசஸ் வேலையை முடிக்கிறதுக்குள்ள பக்கத்து ஊட்டு மெர்சி கூடையில மல்லியோட வந்துடுவா. எதிர் ஊட்ல வேர்க்கடலை அளப்பாங்க. நெல்லூர் அக்காவுக்குப் போற சாமான்ல பாதி அந்தத் தெருவுல வாங்கினதுதான். அமிர்தா நடை பழகினதே கங்கம்மா வீட்டு மண்ணுலதான்.

காயத்ரிக்கு மட்டும் வாய் ஓயாது.

"பொங்கலும் அதுவுமா யார் ஊட்லயோ குந்திக்கினு! இந்த ஓட்டை வேனைக் கடாசிட்டு ஒரு கார் வாங்கத் துப்பில்ல உங்களுக்கு!"

திட்டிக்கினே கங்கம்மா பக்கத்துல குந்தி மொச்சை உரிப்பா.

போன பொங்கலுக்குப் புது கார் வந்துடுச்சு. காயத்ரி ஜெயிச்சுட்டா.

ஆரணி தாண்டினதும் காயத்ரி விமலைத் திரும்பிப் பாத்தா.

"ஏன் மூஞ்சி தொங்குது? வண்டி வழுக்கிக்கினு போவுது. இந்த வருஷமாவது நடுவுல நிக்காம போய்ச் சேரலாம்."

"அதான்டி. இது நிக்காது."

பின் சீட்லேர்ந்து அமிர்தா எட்டிப் பாத்தா. "கங்கம்மா ஆயா மொச்சக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் கொழம்பு வெச்சிருக்கும்ப்பா. நாமளே நிறுத்திப் போலாமே?"

"சும்மா போனா நாம விருந்தாளி கண்ணு. மோசஸ் கையில பத்து பைசா வாங்க மாட்டான். பூவையும் கடலையும் சும்மாவே மடியில கட்டுவாங்க. அப்புறம் அடுத்த வருஷம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது? வண்டி நின்னாத்தான் நமக்கும் கூச்சம் இல்ல, அவங்களுக்கும் கூச்சம் இல்ல."

கொஞ்ச தூரம் போனதும் மெல்ல சொன்னான். "அதுக்குத்தான் வருஷா வருஷம் ஆரணி டீக்கடையாண்ட எறங்கி ஒரு ஒயரைத் தளத்தி வுடுவேன்."

"ஐயோ! மோசஸ் மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? ஒயரைச் சொருவிட்டு, வாங்குற கூலிக்கு வேனையே பூரா கழட்டி சர்வீஸ் பண்ணுவான். இந்தக் கார்ல கை வெச்சா கம்பெனிக்காரன் வாரண்டி இல்லன்றுவான். ஹாரன் அடிச்சிட்டுப் போயிட வேண்டியதுதான்."

"நல்லா இருக்குதுங்க!"ன்னு காயத்ரி வெடிச்சா. "இத்தினி வருஷமா கட்டின பொண்டாட்டிய ஏமாத்தி வெயில்ல குந்த வெச்சிருக்கீங்க! எனக்கு வயித்தைப் பெரட்டுது. நிறுத்துங்க வண்டிய."

மதகாண்ட நிறுத்தினான். அவ எறங்கி வண்டிக்குப் பின்னாடி போய் குந்தினா. ரொம்ப நேரம் ஆச்சு.

"தண்ணி வேணுமா?"

"ஒண்ணும் வேணாம். யாரும் எறங்கி வராதீங்க!"

தலையெல்லாம் அவுந்து தொங்க வந்து ஏறினா. "கெளம்புங்க. இனிமே எங்கயும் நிக்கக் கூடாது."

கங்கம்மா வாசல்லதான் நின்னுக்கினு இருந்தா, கையில கரண்டியோட. பழைய வேன் வர்ற தெசையவே பாத்துக்கினு இருந்தவ, புது காரைப் பாத்ததும் யாரோன்னு நெனைச்சு வழி விட்டு ஒதுங்கினா.

விமல் ஹாரனுக்குக் கை கொண்டு போனான். வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு. பின் சக்கரம் தரையோட தரையா அமுங்கி, சரியா வாசல்ல நின்னுடுச்சு.

எறங்கினவனைப் பாத்ததும் கங்கம்மாவுக்கு முகம் மலர்ந்து போச்சு. "இன்னா நைனா, புது வண்டிக்கும் நம்ம வாசல் தெரிஞ்சி போச்சா!"

மோசஸ் சக்கரத்தாண்ட குந்தித் தடவிப் பாத்தான். "ஆணி இல்ல, ஒண்ணும் இல்ல. காத்தை யாரோ எறக்கி வுட்ருக்காங்கண்ணா. வால்வு மூடியக் கூட காணோம்."

விமலைப் பாத்துச் சிரிச்சான்.

"சத்தியமா நான் இல்லடா!"

காயத்ரி கதவை அறைஞ்சு சாத்திட்டு எறங்கினா. "பாத்தியா கங்கம்மாக்கா, புதுசும் இந்த லட்சணந்தான்! தம்பி, சாயங்காலம் ஆனாலும் ஆவட்டும், நாலு சக்கரத்தையும் கழட்டிப் பாரு. எனக்கு நம்பிக்கையே இல்ல."

பொலம்பிக்கினே மோசஸைத் தாண்டிப் போனவ, கையில இருந்த வால்வு மூடியை அவன் உள்ளங்கையில வெச்சு அமுக்கினா. மண்ணு ஒட்டியிருந்த ஹேர்பின்னை முந்தானையில தொடைச்சு, அவுந்த தலைய அள்ளி முடிஞ்சு, கொண்டையில குத்திக்கினு, மொச்சை உரிக்க உள்ள போயிட்டா.