விசிறிக்குள் ஒரு முடி

முபீனா தன் கடையில் லேப்டாப்பைத் திறக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று ஜெபசெல்விக்குத் தோன்றியது. முதலில் ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் உருவத்தை வரைந்து, அதன்மேல் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டினாள். கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்துக்கு நேராகத் தாளில் பதித்தாள். “மூடும்போது ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாதுக்கா. இருந்தா நான் மெக்கானிக்கே இல்ல.”

“சூடாகிச் சூடாகி அணைஞ்சு போகுதும்மா.”

“மெத்தைமேல வச்சுத்தானே வேலை பாக்குறீங்க? அடியில காத்து போக வழியில்ல. ஒரு பலகை வச்சுக்குங்க.”

சிகிச்சை தொடங்கிய ஆறு மாதமாக மெத்தைதான் தன் அலுவலகம் என்று ஜெபசெல்வி சொல்லவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தூசியை ஊத ப்ளோவரை எடுத்த முபீனா, அதைக் கீழே வைத்துவிட்டாள். விசிறியின் அச்சில் ஒரு முடி சுற்றியிருந்தது. இடுக்கியால் நுனியைப் பிடித்து, அறுந்துவிடாமல் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். அது வந்துகொண்டே இருந்தது.

“யம்மா, என்னா நீளம்! யாரோடதுக்கா?”

“என்னோடதுதான்.”

முபீனா நிமிர்ந்து அந்தத் துணியைப் பார்த்தாள். தாளில் விசிறிக்குரிய இடத்தில் முடியைப் பதித்தாள்.

ஸ்க்ரூக்கள் எல்லாம் திரும்பிப் போயின. விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. தாளில் முடி மட்டும் கிடந்தது.

“மிச்சம் இருக்கே?” என்றாள் ஜெபசெல்வி.

முபீனா முடி ஒட்டியிருந்த தாள்துண்டை மட்டும் கத்தரித்து, மடித்து அவள் கையில் வைத்தாள்.

“மிச்சமில்லக்கா, சாம்பிள். இதே நீளத்துக்கு வளரணும்.”