பளிங்குத் தூண்

அமெரிக்காவில், மார்மன் சபைக் கிறிஸ்தவர்களின் குடியிருப்பில், புது ஜெபக்கூடத்தில் பைன்மரத் தூண் ஒன்று பளிங்காகிக்கொண்டிருக்கிறது. டென்மார்க்கிலிருந்து வந்த பெயிண்டர் ராஸ்முஸ், காயாத வெள்ளைப் பூச்சின் மேல் கோழி இறகால் சாம்பல் நரம்புகளை இழுக்கிறான். சபையின் கட்டளைப்படி வெயில் சுடும் தெற்குப் பாலைக்குக் குடிபெயர வேண்டியவர்களின் பட்டியலோடு பிஷப் டட்டில் வருகிறார். ராஸ்முஸ் இங்கே நட்ட ஆப்பிள் கன்றோ இந்த வருஷம்தான் பூத்திருக்கிறது. "பொய் வேஷம் நம்ம கூட்டத்துக்கு ஆகாது, சகோதரரே," என்றபடி பிஷப் தூணில் வசதியாகச் சாய்ந்து பட்டியலைப் பிரிக்கிறார். "ஐயோ பிஷப், முதுகு..." என்று ராஸ்முஸ் வாயெடுக்கிறான். "குறுக்கே பேசாதீங்க. முதல் பேரே உங்க பேருதான். கொடுத்து வச்சவரு!" ராஸ்முஸ் வாயை மூடிக்கொள்கிறான். முதுகில் பளிங்கோடு கறுப்புக் கோட்டு கம்பீரமாகப் பிரசங்க மேடை ஏறுகிறது. தூணில், அவர் முதுகின் அகலத்துக்குப் பைன்மரம் பல்லிளிக்கிறது.