ஊஞ்சலுக்கு அடியில்

மாலை வெயில் தோட்டத்தில் சாய்ந்து கிடக்கிறது. ஒரு வார மழையில் களை மண்டிவிட்டது. அவர் குந்தி உட்கார்ந்து கொத்திக்கொண்டே வருகிறார். ஆளில்லாமல் தொங்கும் ஊஞ்சலுக்கு அடியில் வந்ததும் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, விரலால் புல்லைப் பிடுங்குகிறார். மகள் இறந்து எட்டு மாதமாகிறது. அவள் கால் தேய்த்துத் தேய்த்து மொட்டையாகிக் கிடந்த தரையில் இப்போது பச்சை துளிர்த்திருக்கிறது. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவி நின்று பார்க்கிறாள். "ஏங்க, அது களை இல்லங்க, நல்ல புல்லு." "தெரியும்." "அப்புறம் ஏன் பிடுங்குறீங்க?" "பாப்பா கால் பட்ட இடம்மா. மூடிக்கிட்டே வருது. வாராவாரம் பிடுங்குறேன், நிக்க மாட்டேங்குது." அவர் நிமிரவில்லை. நகக்கண்ணெல்லாம் மண். அவள் துணியைத் திரும்பக் கொடியிலேயே போட்டுவிட்டு, அவருக்கு எதிரே மண்டியிட்டு, மறு ஓரத்திலிருந்து பிடுங்கத் தொடங்குகிறாள்.