அறுபத்தேழு சதவீதம்

“எனக்கு எண்பது ஜிபி போதும்னு உங்ககிட்ட யாரு…”

“புதுசுக்கும் எடம் வேணும்ல? பழசைச் சுருக்காம எங்கிட்டுப் போயி…”

“சுருக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை…”

“கேட்டா நீ விடுவியா?”

அரசி விடமாட்டாள்தான். அதனால்தான் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் புருஷன் ஆரம்பித்திருந்தார்.

முன்னறைதான் அவர்களுடைய டிடிபி கடை. மேசையில் லேப்டாப். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

அறுபத்தேழு சதவீதம்.

கோட்டுக்கு அடியில் ஓர் எச்சரிக்கை. நடுவில் நிறுத்தக் கூடாது.

வாரம் ஒரு வைரஸ் வருகிறது, புது ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அந்தத் தொல்லையே கிடையாது என்பது அவர் கட்சி. தன் பழைய தமிழ் எழுத்துரு பழைய சிஸ்டத்தில்தான் திறக்கும் என்பது அவள் கட்சி. பழையதை எண்பது ஜிபிக்குள் சுருக்கிவிட்டு, ஒரே டிஸ்கில் இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவராகவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்தப் பழையதற்குள் மூலிகை அகராதி இருந்தது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஏழு மாத வேலை. மூன்று திருத்தம்.

திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

“ஒண்ணும் ஆகாது அரசி. இருக்கறதை ஓரமா நகட்டி வைக்குது, அம்புட்டுதான்.”

“சட்டிபானையா, நகட்டி வைக்க?”

“சும்மா தொணதொணக்காத. பத்து மணிக்குள்ள முடிஞ்சிரும்.”

அவள் தலை துவட்டுவதை நிறுத்தினாள்.

“இன்னைக்கு மாசாந்திர கரண்ட் கட்டு. ஒன்பது மணிக்கு நிப்பாட்டிருவான். பேப்பர்ல போட்டிருந்தானே, பாக்கலையா?”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஐம்பத்தாறு.

லேப்டாப்புக்குப் பேட்டரி கிடையாது. உப்பிப் போனதென்று போன தீபாவளிக்கே கழற்றிப் போட்டாயிற்று. வயரை உருவினால் உயிர் போய்விடும்.

“இன்வெர்ட்டர் இருக்குல்ல?”

“அதுல ஃபேனும் லைட்டும்தான். இந்தப் பிளக்குக்கும் ஒரு லைன் இழுங்கன்னு ரெண்டு வருசமா நான் கத்துனது எந்தக் காதுல ஏறுச்சு?”

எழுபத்தொன்று.

அவள் தலைமுடியிலிருந்து தரையில் நீர் சொட்டியது.

எழுபத்து நான்கு.

கட்டுப்படாத மாட்டைப் பார்ப்பதுபோல அவர் அந்தக் கோட்டையே பார்த்தார்.

எழுபத்தாறு.

இன்வெர்ட்டர் ஒருமுறை ‘கீங்’ என்றது.

திரை கறுத்தது. தலைக்குமேல் ஃபேன் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் கத்தப் போகிறாள் என்றுதான் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கத்தவில்லை.

“உங்களை நம்பியா இருந்தேன்? வியாழக்கிழமையே பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வச்சுட்டேன்.”

அதைக் கேட்டும் அவர் முகம் தெளியவில்லை.

அவள் இழுப்பறையைத் திறந்தாள். ஸ்டேப்ளர் இருந்தது. ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. பில் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தாள். தினம் போட்டுவைக்கும் மூலையில் விரல்விட்டுத் துழாவினாள்.

பிறகுதான் லேப்டாப்பின் பக்கவாட்டைப் பார்த்தாள். புது சிஸ்டத்தை ஏற்றிக் கொண்டுவந்து அவர் சொருகியிருந்த பென்டிரைவ். யாரும் மாற்றி எடுத்துப் போய்விடக் கூடாதென்று அவள் கையால் கட்டிய சிவப்பு நூல், ஃபேன் காற்றில் லேசாக ஆடியது.

“ஏங்க, இதுல இருந்ததை அழிச்சிட்டா அதை ஏத்துனீங்க?”