கடகடா போன பிறகு

“பாரு, இன்னைக்கும் கேட்டை மூடி வச்சிருக்காங்க!”

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் கோபத்தில் ஸ்டீயரிங்கை ஒரு தட்டு தட்டினார். உடனே, ஐயோ புதுசாச்சே என்று அதைத் தடவியும் கொடுத்தார்.

வண்டி வந்து பத்து நாள்தான் ஆகிறது. ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். டீசல் பேச்சே கிடையாது, முழுக்க முழுக்க கரண்ட். முதல் நாள் பொத்தானை அழுத்திவிட்டு, ஸ்டார்ட் ஆகவில்லையே என்று மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார். “சார், அது எப்பவோ ஸ்டார்ட் ஆயிடுச்சு, நீங்கதான் ஆஃப் பண்றீங்க” என்று ஷோரூம்காரர் சொன்ன பிறகுதான் நம்பினார். உள்ளே அவ்வளவு அமைதி. பின் சீட்டில் மகள்கள் ரகசியம் பேசினால் முன் சீட்டில் கேட்டுவிடுகிறது. அவர்களுக்கு இந்த வண்டியில் அது ஒன்றுதான் குறை.

மனைவி டீச்சர். “ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க சார்ஜைப் பார்ப்பீங்க? பிள்ளைங்க மார்க்கைக்கூட நீங்க இப்படிப் பார்த்ததில்லை.”

“அது எண்பத்தேழு பர்சென்ட் காட்டுதும்மா. இதுங்க காட்டட்டும், பார்க்கிறேன்.”

மொத்தத்தில் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. உறுத்தியது இந்தக் கேட் ஒன்றுதான்.

முன்பு இருந்தது ஒரு டீசல் வண்டி. பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் ‘கடகடா’. ஆறு வருஷமாக, சாயங்காலம் கடை முடித்து, ஸ்கூலில் மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தால் கேட் ஆவென்று திறந்தே கிடக்கும். நேராக உள்ளே போய் நிறுத்திவிடுவார். நிறுத்திய பிறகு, “மூடணும்னு ஒருத்தருக்காவது தோணுதா?” என்று முணுமுணுத்தபடி தானே போய் மூடுவார். கடுப்பில் ஓர் அட்டையில் எழுதியும் மாட்டியிருந்தார்: ‘கேட்டைத் திறந்து போடாதீர்கள்.’ கண் டெஸ்ட் அட்டை மாதிரி ஒவ்வொரு எழுத்தும் அத்தனை பெரிசு.

அப்போதெல்லாம் யாரும் அதை மதிக்கவில்லை. புது வண்டி வந்த நாளிலிருந்து தினமும் கேட் இறுக்கி மூடியிருக்கிறது. வண்டியை நடுத்தெருவில் நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி இறங்கித் திறப்பதற்குள் பின்னால் வருகிறவன் ஹாரனால் திட்டித் தீர்த்துவிடுகிறான்.

“வயித்தெரிச்சல். வேற என்ன?” என்றார் கேட்டைத் திறந்துவிட்டு வந்து. “இருக்கறதே ரெண்டு வீடு. மேல நாம, கீழ அந்தத் தையல்காரம்மா. இதுல துப்பறிய என்ன இருக்கு?”

“சும்மா இருங்க. அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல.”

“வண்டி வந்த அன்னைக்கு எல்லாரும் சூப்பர்னு சொன்னாங்க. இவங்க மட்டும் ‘என்னண்ணா, சத்தமே வரலியே’ன்னாங்க. முகம் தொங்கிப்போச்சு. நான் கவனிச்சேன்.”

“நீங்க கவனிச்சா சரியாத்தான் இருக்கும்” என்று மனைவி பேச்சை முடித்துக்கொண்டாள்.

மறுநாளும் கேட் மூடியிருந்தது. பொறுத்தது போதும் என்று கடையிலேயே எழுதி எடுத்து வந்த புது அட்டையோடு இறங்கினார். ‘கேட்டை மூடாதீர்கள்.’ இதுவும் அதே சைஸ் எழுத்து. பழைய அட்டைக்குக் கீழே வைத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

பெரியவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். “அப்பா, மேல திறக்காதேன்னு இருக்கு. கீழ மூடாதேன்னு ஒட்டறீங்க. பாவம், கேட்டு என்னதான் பண்ணும்?”

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். டீச்சரும் சேர்ந்துகொண்டாள்.

அந்தச் சிரிப்பில் கீழ்வீட்டுத் தையல் மெஷின் சட்டென்று நின்றது. கழுத்தில் தொங்கும் டேப்போடு தையல்காரம்மா ஓடி வந்தார்.

“ஐயோ, வந்துட்டீங்களா! இன்னைக்கும் கோட்டை விட்டுட்டேனே!”

கண்ணாடிக் கடைக்காரர் அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, குரலை இறுக்கிக் கேட்டார். “இந்தக் கேட்டை மூடறது நீங்கதானா?”

“ஆமாண்ணா. தினமும் காலையில நீங்க திறந்து போட்டுட்டுப் போயிடுவீங்க. நான்தான் மூடுவேன். திறந்து போடக்கூடாதுன்னு நீங்களே எழுதி மாட்டியிருக்கீங்களே!”

வண்டிக்குள் சிரிப்பு இன்னும் பெரிதாக வெடித்தது. அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை.

“அப்படின்னா ஆறு வருஷமா சாயங்காலத்துல மட்டும் எப்படித் திறந்து கிடந்துச்சு?”

“அதுவா?” தையல்காரம்மா கேட்டை முழுசாகத் தள்ளித் திறந்தபடியே சொன்னார். “அண்ணி இந்தச் சின்னக்குட்டியை வயித்துல வச்சுக்கிட்டு, கொட்டற மழையில இறங்கி வந்து இந்தக் கேட்டோட மல்லுக்கட்டினாங்க ஒருநாள். பார்த்துட்டு எனக்கு மனசே ஆறல. அன்னையிலேருந்து தெருமுனையில கடகடா சத்தம் கேட்டதுமே ஓடி வந்து திறந்து வச்சுட்டு, தையலுக்குப் போயிடுவேன்.”

கண்ணாடிக் கடைக்காரர் அட்டையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“இப்ப என்னடான்னா, இது வாசல்ல வந்து நின்னாக்கூடக் காதுல விழ மாட்டேங்குது. தப்பா நினைச்சுக்காதீங்கண்ணா. நாளையிலேருந்து முனையில ஒரே ஒரு ஹாரன் அடிச்சுடுங்க, எப்பவும்போலத் திறந்து வச்சுடறேன்.”